சிகிச்சை முடிந்தபின் வரும் புதிய முதுகுவலி: அடுத்த ரிவியூ வரை பொறுத்திருக்கலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பெரம்பூரில் வசிக்கும் 54 வயதுப் பெண்மணிக்கு வலது மார்பகத்தில் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் முடிந்து 16 மாதங்கள் ஆகின்றன. ஹார்மோன் ஏற்பிகள் உள்ள வகை, அதாவது உடலின் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளரும் வகை, என்பதால் அந்த ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையைத் தினமும் ஒன்று எடுத்துக்கொள்கிறார். மூன்று வாரங்களாக முதுகின் நடுப்பகுதியில், ரவிக்கையின் கீழ்விளிம்பு படுகிற இடத்தில், ஒரு வலி இருக்கிறது. பகலில் வேலையோடு வேலையாக மறந்துபோகிறது. இரவில் புரண்டு படுக்கும்போது விழிப்பு வந்துவிடுகிறது. தைலம் தேய்த்துப் பார்த்தார். மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையில் பாதி குறைகிறது. அடுத்த ரிவியூவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மகளின் நிச்சயதார்த்தம் அடுத்த மாதம் திருநெல்வேலியில் என்பதால் வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நோய் திரும்பிவிட்டதா, இல்லை பயம்தான் வலியாகத் தெரிகிறதா, ரிவியூ வரை பொறுக்கலாமா, அதுவரை முதுகைப் பிடித்துவிடச் சொல்லலாமா, திருநெல்வேலிக்குப் பயணம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: பொறுத்திருக்க வேண்டாம். இந்த வாரத்துக்குள் உங்களுக்குச் சிகிச்சை அளித்த புற்றுநோய் மருத்துவரிடமே போய்ச் சொல்லுங்கள். அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய நிலை நீங்கள் எழுதியதில் தெரியவில்லை. ஆனால் இரண்டு மாதம் தள்ளிப்போடக்கூடிய வலியாகவும் இது தெரியவில்லை. நான் சென்னையில் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில், நம் மக்கள் ‘கரண்ட் வைக்கிற இடம்’ என்று சொல்லும் பிரிவில், 27 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர். சிகிச்சை முடிந்து போனவர்கள் புதிய முதுகுவலியோடு திரும்பி வருவதை வாரந்தோறும் பார்த்திருக்கிறேன். பலருக்கு அது எலும்புத் தேய்மானம், தசைப்பிடிப்பு, மாத்திரையின் விளைவு என்று முடிந்தது. சிலருக்கு நோய்தான் என்று தெரியவந்தது. யார் எந்தப் பக்கம் என்பதை முகத்தைப் பார்த்தோ, கடிதத்தைப் படித்தோ சொல்ல எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. வலி எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டு, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தட்டிப் பார்த்து, தேவையான படத்தை எடுத்த பிறகுதான் சொல்ல முடிந்திருக்கிறது.

உங்கள் கேள்வியில் ‘பயம்தான் வலியாகத் தெரிகிறதா’ என்ற வரியில் சற்று நிற்க விரும்புகிறேன். சிகிச்சை முடிந்தவர்களுக்கு உடம்பில் எழும் ஒவ்வொரு குத்தலும் வேறு மாதிரி கேட்கும் என்பது உண்மை. ரிவியூ தேதி நெருங்க நெருங்க வலி கூடுவதுபோலத் தோன்றுவதும், படம் நல்லபடியாக வந்த அன்று மாலையே வலி பாதியாகக் குறைவதும் நான் பலரிடம் கண்டவை. ஆனால் பயம் இருப்பதால் வலி பொய் என்றாகாது. பயம் இல்லாததால் வலி சாதாரணமானது என்றும் ஆகாது. பயந்தவர் என்று பெயர் எடுத்துவிடுவோமோ என்று வலியை மறைத்தவர்களையும், தைரியசாலி என்று எல்லாரும் சொன்னதாலேயே மூன்று மாதம் தாங்கிக்கொண்டவர்களையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் பயத்தை எடை போட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வலியை மட்டும் பாருங்கள். அதற்கென்று சில குணங்கள் இருக்கின்றன, அவற்றைக் கவனித்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை.

நோய் முதுகெலும்பை ஏன் நாடுகிறது என்று தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் தொடங்கும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும் இயல்பு கொண்டவை. எலும்புகளில் முதுகெலும்புக்குத்தான் அவை அதிகம் போகின்றன. முதுகெலும்புக் கணுக்களுக்குள் ரத்த ஓட்டம் நிறைந்த மஜ்ஜை இருப்பது ஒரு காரணம். இன்னொன்று, மார்பிலிருந்தும் இடுப்பிலிருந்தும் முதுகெலும்பைச் சுற்றி ஓடும் சிரைப் பின்னல்; சிரை என்பது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். கைகால் சிரைகளில் இருப்பதுபோல ரத்தம் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வுகள் அதில் இல்லை. 1940-இல் ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் இந்தப் பின்னலை விரிவாக விளக்கினார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இருமினாலும் முக்கினாலும் அதில் ரத்தம் திசை மாறி ஓட முடியும், அதனோடு புற்றணுக்களும் போக முடியும். முதுகெலும்புக்குப் பரவும் நோயில் பத்தில் ஆறேழு பங்கு, விலா எலும்புகள் சேரும் நடுமுதுகிலேயே தங்குகிறது. சாதாரண தேய்மான வலியோ பெரும்பாலும் இடுப்புக்கு மேலே உள்ள கீழ்முதுகிலும் கழுத்திலும்தான் வரும். உங்கள் வலி ரவிக்கை விளிம்பில் இருப்பதையும், இரவில் எழுப்புவதையும் சேர்த்துப் பார்த்துத்தான் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னேன்.

இனி அந்தக் குணங்கள். தசைப்பிடிப்பும் தேய்மானமும் வேலைக்கேற்ப ஏறி இறங்கும். குனிந்து வாளியைத் தூக்கினால் பிடிக்கும், சற்றுச் சாய்ந்து படுத்தால் விடும். ஒரு வாரம் மோசமாக இருந்தால் அடுத்த வாரம் தேவலை என்றிருக்கும். நான்கு முதல் ஆறு வாரங்களில் பெரும்பாலும் தானே தணியும். எலும்புக்குள் நோய் வளர்வதால் வரும் வலி அப்படி வளைந்துகொடுப்பதில்லை. அது இடம் மாறாமல் ஒரே கணுவில் குடையும், வாரத்துக்கு வாரம் ஒரு படி ஏறும், ஓய்வெடுத்தால் குறையாது, படுத்தால் கூடும். இருமும்போதும், தும்மும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும் சுரீரென்று தெறிக்கும். சில சமயம் முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி, பட்டை கட்டி இறுக்கியதுபோல வயிற்றுப்பக்கம் வந்து நிற்கும். இந்தக் கடைசி வகையைத்தான் நம் வீடுகளில் வாயுப் பிடிப்பு என்று சொல்லி, பெருங்காயமும் ஓமத் தண்ணீரும் கொடுத்து நாட்களைக் கடத்திவிடுகிறார்கள்.

படுத்தால் கூடும் வலி என்பதைப் பற்றி ஒரு பெரியவரின் நினைவு எனக்கு எப்போதும் வரும். புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து இரண்டு ஆண்டுகள் ஆனவர். முதுகுவலி என்று வேறோர் இடத்தில் ஆறு வாரம் ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார். பழைய நோயைப் பற்றி அங்கே அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. என்னிடம் வந்தபோது வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ‘பரவாயில்லை டாக்டர்’ என்றுதான் சொன்னார். உடன் வந்த மருமகள்தான், ‘மாமா மூணு வாரமா கட்டில்லயே படுக்கறதில்ல, ஈஸிசேர்லதான் தூங்கறாரு’ என்றார். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. எழுந்து நடக்கச் சொன்னேன். நான்கடி நடந்தவரின் இடதுகாலில் இருந்த செருப்பு கழன்று பின்னாலேயே கிடந்தது. அது கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. அன்று மாலையே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கற்றையான தண்டுவடம் அழுந்தத் தொடங்கியிருந்தது. அன்றிரவே ஸ்டீராய்டு மருந்து தொடங்கி, மறுநாள் காலை கதிர்வீச்சு கொடுத்தோம். நடந்து வந்தவர் நடந்தே வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் தாமதித்திருந்தால் அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் எழுத முடிந்திருக்காது.

அந்த அவசர நிலையை ஒவ்வொரு புற்றுநோயாளியின் குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். முதுகெலும்பின் நடுவே உள்ள குழாயில்தான் தண்டுவடம் இறங்குகிறது. கணுவில் வளரும் கட்டியோ, நொறுங்கிய எலும்போ அதை அழுத்தினால் கால்கள் துவளும். தொடக்கத்தில் அது ‘கால் கொஞ்சம் பலமில்லாமல் இருக்கிறது’ என்ற அளவில்தான் தெரியும். மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைத் தேடுவது, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் போவது, பஞ்சின்மேல் நடப்பதுபோல உணர்வது, செருப்பு நழுவுவது தெரியாமல் போவது ஆகியவை முதல் அடையாளங்கள். சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்தால் எந்த இடம் படுமோ அந்த இடம் மரத்துப்போவதும், சிறுநீர் நிறைந்திருந்தும் கழிக்க முடியாமல் போவதும், மலம் அறியாமல் வெளியேறுவதும் மேலும் முற்றிய அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரின் நேரம் கிடைக்கும்வரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து, எம்.ஆர்.ஐ.யும் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவும் கதிர்வீச்சுப் பிரிவும் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இவை ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பின்னால் உட்காரவைத்து ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போகாமல், நேராகப் படுக்கவைத்து, முதுகு முறுகாமல் கொண்டுபோங்கள். சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவர்களில் பெரும்பாலோர் பிறகும் நடக்கிறார்கள்; கால் முற்றிலும் விழுந்த பிறகு வருபவர்களில் மீண்டும் நடப்பவர்கள் குறைவு. நல்ல செய்தி ஒன்றும் உண்டு: பத்தில் ஒன்பது பேருக்குக் கால் துவள்வதற்கு முன்பே, வாரக் கணக்கில், வலி வந்து எச்சரித்துவிடுகிறது. நீங்கள் இப்போது இருப்பது, அந்த எச்சரிக்கையா இல்லையா என்று சரிபார்த்துக்கொள்ள வசதியான கட்டத்தில்.

பிரிட்டனில் அரசு மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு இதற்கென்றே 2008-இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டு, 2023-இல் அதைப் புதுப்பித்தது. முதுகெலும்புக்குப் பரவியிருக்கலாம் என்று ஐயம் தரும் வலி மட்டும் இருந்தால் ஒரு வாரத்துக்குள்ளும், தண்டுவடம் அழுந்துவதற்கான அடையாளம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள்ளும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நான் உங்களுக்கு ‘இந்த வாரத்துக்குள்’ என்று எழுதியது அந்தக் கணக்கில்தான்.

நோய் அல்லாத காரணங்களையும் நேர்மையாக எடை போட வேண்டும். உங்களுக்கு அவையும் பல உண்டு. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உடலில் மீதமிருக்கும் ஈஸ்ட்ரோஜனை ஏறக்குறைய இல்லாமலாக்கிவிடுகின்றன. அதனால் மூட்டுகள் வலிக்கும். குறிப்பாகக் காலையில் எழுந்ததும் விரல்களும் முழங்கால்களும் மரக்கட்டைபோல இருந்து, நடமாடத் தொடங்கியபின் இளகும். இந்த வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும், பல இடங்களிலும் இருக்கும். ஒரே கணுவில் நிற்காது. அதே மாத்திரை எலும்பின் அடர்த்தியையும் குறைக்கிறது. எலும்பு மெலிந்தவர்களுக்கு ஒரு குடத்தைக் குனிந்து தூக்கிய நொடியில் முதுகெலும்புக் கணு ஒன்று அமுங்கி உடைந்துவிடலாம். அந்த வலி திடீரென்று, நாளும் நேரமும் சொல்லக்கூடிய வகையில் தொடங்கும். நின்றால் கூடும், படுத்தால் குறையும். உயரமும் சற்றுக் குறைந்திருக்கும். முன்பு கணுக்காலோடு நின்ற உள்பாவாடை இப்போது தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். அளவுகோல் இல்லாமலே உயரக் குறைவைக் கண்டுபிடிக்க என் நோயாளி ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்த வழி அது. லெட்ரோசோல் தொடங்கும்போது எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா படம் எடுத்தீர்களா என்று பழைய ஃபைலில் தேடுங்கள். எடுக்கவில்லையென்றால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: வலிக்கு மாத்திரைதான் காரணமோ என்று எண்ணி லெட்ரோசோலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலி அதனால்தான் என்று உறுதியானால் மாற்று மாத்திரைகள் இருக்கின்றன.

அறுவைச் சிகிச்சையும் முதுகைப் பாதிக்கும். ஒரு பக்கத்து மார்பகத்தை எடுத்தபின் எடை சமமில்லாமல், தோள் ஒரு பக்கம் சாய்ந்து, பின்முதுகுத் தசைகள் இழுபடும். தழும்பு இழுக்கிறது என்று கையைத் தூக்காமல் கூனி நடப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதல். கீமோவின்போது படுத்தே கிடந்து தசை மெலிந்தவர்கள், எடை கூடியவர்கள், வைட்டமின் டி குறைந்தவர்கள் ஆகியோருக்கும் முதுகு வலிக்கும். இதே கவலையோடு படிக்கும் மற்றவர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்: வெள்ளணுக்களை ஏற்றுவதற்காகக் கீமோவுக்குப் பின் போடும் ஊசியால் சில நாட்கள் இடுப்பும் முதுகும் விண் விண்ணென்று தெறிப்பது வழக்கம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இடுப்பில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் முதுகெலும்பின் அடியில் இடுப்போடு சேரும் திரிக எலும்பில் நுண்ணிய முறிவு வந்து கீழ்முதுகு வலிக்கலாம்.

நம் ஊரில் மறக்கக்கூடாத இன்னொன்று காசநோய். நுரையீரலில் மட்டுமே அது வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். முதுகெலும்பிலும் வரும், அதுவும் நடுமுதுகில், மாதக்கணக்கில் மெல்ல ஏறும் வலியாக வரும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியவை சேர்ந்திருந்தால் ஐயம் வலுக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதுண்டு. காசநோய் கணுக்களுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கையும் அரிக்கும், புற்றுநோய் பெரும்பாலும் டிஸ்க்கை விட்டுவிட்டு எலும்பை மட்டும் பிடிக்கும் என்பது கதிரியக்க மருத்துவர்கள் பார்க்கும் முக்கிய வேறுபாடு. அதிலும் தெளிவில்லையென்றால் ஊசி வழியாகச் சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ‘எலும்பில் ஏதோ இருக்கிறது’ என்று படம் சொன்ன உடனே நோய் திரும்பிவிட்டது என்று குடும்பமே உடைந்துபோய், துணுக்குப் பரிசோதனையில் காசநோய் என்று வந்து, மருந்து முடித்து நலமானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவரிடம் போகும்போது வலியை எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் கிழிக்கும் தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கமே போதும். அன்றைய வலி பத்துக்கு எத்தனை, எந்த நேரத்தில் எழுப்பியது, படுத்தால் எப்படி, நடந்தால் எப்படி, எந்த மாத்திரை எத்தனை முறை போட்டீர்கள், அதன்பின் எத்தனை மணி நேரம் தணிந்தது என்று ஒரு தாளுக்கு ஐந்து வரி. நான்கைந்து நாள் தாள்கள் இருந்தாலே மருத்துவருக்கு வலியின் போக்கு தெரிந்துவிடும். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி அவர் கேட்பார்; அதை முன்பே கண்ணாடி முன் நின்று பார்த்துவையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், கடைசியாக எடுத்த படங்கள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையமானாலும், ராயப்பேட்டை அரசு மருத்துவமனையானாலும், தனியார் மருத்துவமனையானாலும் பழைய நோயாளிக்கு ஃபைல் எண் இருக்கும். ‘ரிவியூ தேதி இன்னும் வரவில்லை, ஆனால் புதிதாக முதுகுவலி வந்திருக்கிறது’ என்று அந்த எண்ணோடு சொன்னால் முன்னதாகவே பார்ப்பார்கள். தெருமுனை கிளினிக்குக்கோ எலும்பு மருத்துவரிடமோ போக நேர்ந்தாலும், உட்கார்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் ‘எனக்கு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்தது’ என்பதே. முதுகு எங்கே வலிக்கிறது என்பது இரண்டாவது வாக்கியம்.

பரிசோதனைகளில் பணத்தையும் நிம்மதியையும் வீணாக்காமலிருக்கச் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதைக் கொண்டு ஆறுதல் அடைய முடியாது. ஓரிடத்தில் எலும்பின் தாதுப்பொருளில் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் அதில் குறை தெரியும். எலும்பு ஸ்கேன் முழு உடம்பையும் காட்டும். ஆனால் தேய்மானமும் பழைய முறிவும்கூட அதில் ஒளிரும். முதுகெலும்புக்கும் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ.தான் சிறந்தது, அதுவும் வலிக்கும் இடத்தை மட்டும் எடுக்காமல் முழு முதுகெலும்பையும் எடுப்பது நல்லது. அரை மணி நேரத்துக்கு மேல் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டியிருக்கும் என்பதால் முன்னதாக வலி மாத்திரை போட்டுக்கொள்வது பற்றிக் கேளுங்கள். கீமோ மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் வைத்த கீமோ போர்ட் இன்னும் உடம்பில் இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். அந்த அறிக்கையில் ‘டிஸ்க் பிதுக்கம்’, ‘தேய்மானம்’ என்று இருந்தால் திடுக்கிட வேண்டாம். வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரையில், 20 வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் 96 சதவீதம். எலும்புக் கணுவில் ‘ஹெமாஞ்சியோமா’ என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் தீங்கில்லாத ரத்தக்குழாய் முடிச்சு.

‘ரிவியூவில் எனக்கு ஏன் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பதில்லை, எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்குமே’ என்று நோயாளிகள் மனத்தாங்கலோடு கேட்பதுண்டு. 1994-இல் இத்தாலியிலிருந்து இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 1,200-க்கும் மேற்பட்ட பெண்கள். ஒரு பாதியினருக்கு எலும்பு ஸ்கேன் முதலியவற்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்தார்கள். மறு பாதியினருக்கு மருத்துவர் பார்ப்பதும் மேமோகிராமும் மட்டும். ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. அதனால்தான் அறிகுறி இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுப்பதில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் நோயாளியின் பங்கு ஒன்று இருக்கிறது: அறிகுறி வந்தால் அவர் வந்து சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாமல் இருந்தால் அந்த முறையே ஓட்டையாகிவிடுகிறது. ஆகவே, முன்கூட்டிப் போய் நிற்பது மருத்துவருக்குத் தொந்தரவாகும் என்று தயங்காதீர்கள். இந்த வருகைக்காகத்தான் ரிவியூ என்ற ஏற்பாடே இருக்கிறது. செய்தித்தாள் விளம்பரத்தைப் பார்த்து நீங்களாக லேபுக்குப் போய் ட்யூமர் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனையை எடுக்க மட்டும் வேண்டாம். மார்பகப் புற்றுநோயில் அது இயல்பாக இருந்தும் நோய் இருக்கலாம், சற்று ஏறியும் நோய் இல்லாமலிருக்கலாம்.

இடையில் வலிக்கு என்ன செய்வது? பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரையை, கல்லீரல் கோளாறு இல்லையென்றால், மருத்துவரைப் பார்க்கும்வரை தேவைப்படும்போது நாளைக்கு மூன்று முறை வரை போட்டுக்கொள்ளலாம். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளையும் ஊசிகளையும் நீங்களாக நாள்கணக்கில் தொடர்வது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் நல்லதல்ல. எந்த ஊசி என்று சொல்லாமல் போடும் இடங்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அது நோயினால் வரும் வலியையும் சில நாட்கள் அடக்கிக் காட்டி ஏமாற்றும். தைலத்தை மேலாகத் தடவுவதில் தவறில்லை. ஆனால் முதுகை மிதிக்கச் சொல்வது, நெட்டி முறிப்பது, வர்மப் பிடி, கட்டுப் போடுதல் ஆகிய எதுவும் படம் எடுத்துப் பார்க்கும்வரை வேண்டவே வேண்டாம். எலும்பு எந்தக் காரணத்தால் மெலிந்திருந்தாலும், அந்த அழுத்தத்தில் நொறுங்கக்கூடும். ஒத்தடம் கொடுத்தால், கதிர்வீச்சு பட்ட தோலில் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடக்கூடும் என்பதால் அந்தப் பக்கத்தைத் தவிருங்கள்.

ஒருவேளை நோய்தான் என்று வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் பாதி விடைதான் எழுதியவனாவேன். எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயை வேரோடு அழிக்க இன்று வழியில்லை. ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வைக்க வழிகள் இருக்கின்றன, அதிலும் எலும்போடு மட்டும் நின்ற, ஹார்மோன் ஏற்பி உள்ள வகைக்கு அவை கூடுதல். சிக்கலில்லாத எலும்பு வலிக்கு ஒரே ஒரு முறை 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுப்பது, பத்து நாள் கொடுப்பதற்கு இணையாக வலியைத் தணிக்கிறது. எலும்பைக் காக்க ஸோலெட்ரோனிக் அமிலம் போன்ற ஊசிகள் உண்டு. தாடை எலும்புக்குச் சிக்கல் வராமலிருக்க அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கும் பால்போசிக்லிப் போன்ற மாத்திரைகள் வந்தபின் நோய் அடங்கியிருக்கும் காலம் நீண்டிருக்கிறது. பெரும்பாலும் வீட்டில் சமைத்து, வேலைக்குப் போய், விசேஷங்களுக்குப் போய் வந்துகொண்டே எடுத்துக்கொள்கிற சிகிச்சைகள் இவை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், எதில் எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள். எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். கணவரிடமோ சகோதரியிடமோ போதும். மகளின் விசேஷத்தில் நிழல் விழுந்துவிடக்கூடாது என்ற உங்கள் எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் நள்ளிரவில் கால் மரத்தால் யாரை எழுப்புவீர்கள், அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே சொன்ன அவசர அடையாளங்கள் உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, பக்கத்து அறையில் படுத்திருப்பவருக்கும் தெரிய வேண்டும். மருத்துவர் சொல்வதைப் பதற்றத்தில் நாம் பாதிதான் கேட்போம்; மீதியைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளவும் ஒருவர் உடன் வர வேண்டும்.

திருநெல்வேலிப் பயணத்தைப் பொறுத்தவரை, இன்னும் நாட்கள் இருக்கின்றன; மருத்துவரைப் பார்த்து, படம் எடுத்து, முடிவு வந்தபின் அவரிடமே கேட்டுத் தீர்மானியுங்கள். முதுகெலும்பு உறுதியாக இருக்கிறது என்று அவர் சொன்னால் போய்வரத் தடையில்லை. அப்படிப் போகும்போது, இரவெல்லாம் குலுங்கும் பேருந்தைத் தவிர்த்து நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். சீர்த் தட்டுகளையும் பைகளையும் மற்றவர்கள் தூக்கட்டும். ஃபைலின் நகல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.